துரைச் செடியைப் பிரித்தோம்

1937 ஜூன் 3, வியாழன்

இன்று ஐந்து பத்திரம். மூன்று பாகப்பிரிவினை. ஆனி பிறப்பதற்குள் நாமக்கல் தாலுகாவில் சேர்ந்திருக்கிற அண்ணன் தம்பி ஒருத்தரும் மிச்சமிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. கடைசியாக வந்த எருமைப்பட்டி ஆட்கள் ஒரு புளியமரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்கே போகிற கிளைகள் மூத்தவனுக்கு, மேற்கே போகிற கிளைகள் இளையவனுக்கு. நிழலை என்ன செய்வது என்று இருவரும் அரை மணி நேரம் நின்று யோசித்தார்கள். நிழல் பொது என்று நானே எழுதிவிட்டேன். பத்திரம் எழுதுகிறவன் தர்மம் செய்யக் கிடைக்கிற இடம் அவ்வளவுதான்.

பதினாறு வருஷமாக ஊரான் வீட்டைப் பிரித்து எழுதிச் சோறு தின்கிறேன். மோகனூரில் என் வீடு மட்டும் பிரியவில்லை. நானும் அண்ணன் செங்கோடனும் ஒரே அடுப்பு, ஒரே உலை. அண்ணன் தோட்டம் பார்க்கிறார். அண்ணன் சம்சாரம் கந்தம்மாள் நங்கை வீடு பார்க்கிறார்கள். நான் பஸ் ஏறி நாமக்கல் போய் ரிஜிஸ்திரார் கச்சேரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் சம்சாரம் செல்லியம்மாள், நங்கை சொல்வதைச் செய்கிறாள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இதைப் பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர்களிடம் தினம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிப்பதில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆசாரக் கூடத்தில் ஒரு நாற்றம். செத்த எலியென்று மூலை மூலையாகத் தேடினோம். எலி இல்லை. துரைச் செடி.

ஜூன் 6, ஞாயிறு

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சேலத்தில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவருக்குக் கிரயப் பத்திரம் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று மெச்சி, ஒரு தொட்டியைக் கையில் கொடுத்தார். மரத்தின் மேல் வளர்கிற ஆர்கிட் செடியாம். வெங்காயத்தை வரிசை பிடித்து நட்டது மாதிரி பச்சைக் கிழங்குகள், தடித்த நீள இலைகள். சித்திரையில் சரமாகப் பூத்துத் தொங்கும். மஞ்சளா காவியா என்று பூவுக்கே தீர்மானமில்லாத நிறம். துரையின் பட்லர் சொன்ன விதிகளை அன்றைக்கே பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மண் கூடாது. எரு கூடாது. தண்ணீரைக் காட்டினால் போதும். கிழங்கு நெருங்கிப் போனால் பிரித்து வை, பங்குக்கு மூன்றுக்குக் குறையாமல்.

மண் கூடாது என்பது மோகனூர்க்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா? அண்ணன் இதைப் பார்க்கும்போதெல்லாம் பட்டினி கிடக்கிற விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி தவிப்பார். "மண்ணில்லாம ஒரு உசுரு எப்பிடிடா இருக்கும்?" பொங்கலிலிருந்து என் கண்ணில் படாமல் காவேரி வண்டலும் ஆட்டுப் புழுக்கையும் போட்டு வந்திருக்கிறார். நங்கை இன்று ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் கை பட்டால் பட்ட முருங்கையும் துளிர்க்கும் என்று ஊரே சொல்லும். ஆனால் பன்னிரண்டு வருஷம் பட்டினியில் செழித்த செடி, ஐந்து மாதப் பாசத்தில் அழுகிவிட்டது.

பின்னால் பொடக்காலியில் தொட்டியை வைத்துச் செல்லியிடம் சொன்னேன். "இனி ஒண்ணாவே கெடந்தா ரெண்டு பக்கமும் அழுகிப் போயிரும். பிரிச்சுத் தனித்தனியா வெச்சாத்தான் பொழைக்கும்."

"அக்காகிட்டக் கேக்க வேண்டாமுங்களா?"

"ஒருத்தருகிட்டயும் கேக்க வேண்டாம். அண்ணங்கிட்ட மூச்சு உடாதே. அவராலதான் இந்தக் கதின்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிரும்."

பேசிவிட்டு வந்தால் பக்கத்துக் கட்டுத்தறியில் மாடுகள் இல்லை. அண்ணன் வந்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மத்தியானம் சோற்றுக்கும் வரவில்லை. வெயில் இறங்கட்டும் என்று இருந்திருப்பார்.

ஜூன் 13, ஞாயிறு

அண்ணன் பரிசல் ஏறி அக்கரைக்குப் போன நேரம் பார்த்துக் காரியத்தை முடித்தோம்.

செடி தொட்டியை விட்டு வர மாட்டேனென்றது. வேர்கள் ஓட்டோடு ஓடாகப் பிடித்திருந்தன. குழவிக்கல்லால் தொட்டியைத்தான் உடைத்தேன். உள்ளே பாதி வேர் பழுப்பு. விரலால் நசுக்கினால் தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் நிற்கிறது. வெள்ளையாய் இறுக்கமாய் இருந்த வேர்களை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தேன். அண்ணன் போட்ட வண்டலைக் கழுவி எடுக்கவே நாலு குடம் தண்ணீர் ஆயிற்று. கிழங்கும் கிழங்கும் சேர்கிற கணு எங்கே என்று தடவிப் பார்த்து, பேனாக்கத்தியை நெருப்பில் காட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தேன். இத்தனை பேர் குடும்பத்தை எழுதிப் பிரித்த கைதான். ஆனாலும் அதற்கு முன் இரண்டு தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டது.

பதினோரு கிழங்கில் இரண்டு அழுகல். முன்பக்கம் இலையும் குருத்தும் உள்ள ஐந்து. பின்பக்கம் இலையில்லாத கிழட்டுக் கிழங்கு நாலு. அறுத்த வாயில் சாம்பலும் மஞ்சள்பொடியும் வைத்தேன். செங்கல் துண்டு, அடுப்புக்கரி, தேங்காய் மட்டை போட்டு இரண்டு தொட்டியில் நட்டேன். பத்து நாளைக்குத் தண்ணீர் கிடையாது.

செல்லி பின்பங்கைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது செத்தே போச்சுங்களே."

"பார்க்க அப்பிடித்தான் இருக்கும். உள்ள சத்து இருக்குது."

"எத்தன நாளைக்கு இப்பிடியே கெடக்குமுங்க?"

"மொளைக்கிற வரைக்கும்."

அவள் அதைச் சீக்கிரம் கீழே வைக்கவில்லை.

தொழில் வழக்கப்படி எழுதி வைக்கிறேன். ‘அ’ ஷெட்யூல்: மேற்படி செடியின் முன்பங்கு. நான்கெல்லை: கிழக்கே ஜன்னல், மேற்கே நெல் குதிர், வடக்கே அண்ணன் கட்டில், தெற்கே காற்று. ‘ஆ’ ஷெட்யூல்: பின்பங்கு, வீட்டில் இருந்தால் அண்ணன் கேள்வி கேட்பார் என்பதால் நாமக்கல்லில் நான் எழுதுகிற கூரையடியில் தொங்கும். இதில் எந்த வில்லங்கமும் இல்லை.

ஜூன் 14, திங்கள்

‘ஆ’ ஷெட்யூலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர், சேனைக்கிழங்கா என்றான்.

ஜூன் 22, செவ்வாய்

கச்சேரி வாசலில் எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிற தங்கசாமி எழுந்து வந்தார். பதினாறு வருஷத்தில் அவர் என் பக்கம் வந்தது மை தீர்ந்தபோது மட்டும்தான்.

"ஏனுங்க மருதாசலம், உங்க அய்யன் பேரு சின்னண்ணனுங்களா, சின்னச்சாமிங்களா? பத்திரத்துல தப்பாப் போயிரக் கூடாது பாருங்க."

எந்தப் பத்திரம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அண்ணாரு உங்ககிட்டச் சொல்லலீங்களா? பாகப்பிரிவினைங்க. தம்பி கையாலயே அதை எழுத வெக்கறது பாவம்னு எங்கிட்ட வந்தாருங்க. அழுதுபோட்டாரு மனுசன்."

பஸ்ஸில் ஊர் வருகிற வரைக்கும் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன். என்ன குறை வெச்சேன் நானு? சம்பாதிச்சதக் குடுக்கலையா? எதுத்து ஒரு வார்த்தை பேசியிருப்பனா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, நேரா எதுத்தாப்ல இருக்கறவங்கிட்டப் போய்... அதுவும் தங்கசாமி! அவனுக்கு ‘ர’ எது ‘ற’ எது என்று தெரியாது.

ஜூன் 23, புதன்

அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருக்கிறதென்று இருவரும் சொன்னோம்.

ஜூன் 27, ஞாயிறு

அண்ணனே ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தங்கசாமி சொல்லியிருப்பான்."

"சொன்னாருங்கண்ணா."

"ஆடி பொறக்கப் போவுது. ஆவணில எழுதிக்கலாம். மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படறது யாருக்குடா நல்லது?"

"உங்க இஷ்டமுங்கண்ணா."

"என்ற இஷ்டம் எங்கடா இருக்குது இதுல!" என்று சடாரென்று கத்திவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கேளுங்கள் இந்த நியாயத்தை. வீட்டைப் பிரிக்கிறவர் அவர். கோபமும் அவருக்கே. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று நான்தான் கட்சிக்காரர்களுக்குச் சொல்வேன். இன்று அது எனக்குச் சொன்னதாக இருக்கிறது.

ஜூலை 11, ஞாயிறு

எங்கள் பக்கத்து முறை: மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் கை நேர்மையாக இருக்கட்டும் என்று யாரோ புத்திசாலி ஏற்படுத்தியது. அதன் தொல்லை இன்றுதான் எனக்குப் புரிந்தது.

அண்ணன் இரண்டு பங்காக்கிச் சொன்னார். கிழக்குப் பங்கு: வாய்க்கால் பாய்கிற வெற்றிலைக் கொடிக்காலும் வீட்டில் கிழக்குப் பாதியும். மேற்குப் பங்கு: அதைவிட விஸ்தாரமான மேட்டுக்காடும் கிணறும் மேற்குப் பாதியும். "எடுத்துக்கடா" என்றார். கொடிக்கால் அவர் உயிர். ஒவ்வொரு கொடியையும் அவரே கோரை கிழித்துக் கட்டி ஏற்றியது. அதை நான் எடுத்தால் மனிதனா? மேற்கு என்றேன்.

ராத்திரிச் சோற்றின்போது செல்லி வந்து காதில் போட்டாள், நங்கையிடம் அண்ணன் சொன்னாராம்: "கொடிக்காலக்கூட வேண்டாங்கறான். எப்படா தப்பிச்சுப் போலாம்னு இருக்குது அவனுக்கு."

கிழக்கு ஜன்னலோடு துரைச் செடியின் முன்பங்கும் அண்ணனுக்குப் போகிறது. அதை அவர் இந்த ஒரு மாதமாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டி மாறியது கூடத் தெரியாது.

ஆகஸ்ட் 2, திங்கள். ஆடிப்பெருக்கு

மேட்டூரில் அணை கட்டியதிலிருந்து காவேரியும் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் பெருகுகிறாள். இருந்தாலும் படித்துறை நிறைய ஜனம். நங்கை பூசைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். ஏறி வந்ததும் தட்டை வாங்காமல் நின்றார்கள்.

"ஏனுங்க கொழுந்தனாரே, ஆத்தாளுக்கு முன்னால வெச்சுக் கேக்கறேன். உங்க அண்ணனால உங்களுக்கு என்ன கதி வந்துருச்சுங்க? ஒண்ணா இருந்தா ரெண்டு பக்கமும் அழுகிப் போயிருமுங்களா? அழுகிப் போற ஊடுங்களா இது? அவுரு கட்டுத்தறில நின்னு ரெண்டு காதாலயும் கேட்டாருங்க. அண்ணங்கிட்ட மூச்சு உடாதேன்னீங்களாமா."

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். படித்துறையில், அத்தனை பேர் நடுவில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஈரச் சேலையோடு விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டார்கள்.

செடி! செடியைச் சொன்னதை அல்லவா கேட்டிருக்கிறார்! ஐயோ அண்ணா! எட்டு வாரமாக இரண்டு கிழவர்களும் ரசத்தைப் புகழ்ந்துகொண்டு... வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணா, அது செடிங்கண்ணா. அவ்வளவுதான். அவர் முதலில் திட்டுவார். அப்புறம் அந்த வண்டலுக்காக வெட்கப்படுவார். தங்கசாமி முகத்தில் கரி!

அதே நாள், சாயங்காலம்

முதலில் செல்லியிடம் சொன்னேன். அவளும் சிரிப்பாளென்று. அவள் சிரிக்கவில்லை. ஊறப்போட்ட புளியைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள்.

"உங்கண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இப்பத்தான் போறேன்."

"சொல்லிராதீங்க."

என்ன புள்ளே சொல்றே என்று அதட்டினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "இருபது வருசமா இந்த ஊட்டுல ஒரு கல்லு உப்பு நானாப் போட்டதில்லீங்க. என்ன கொழம்பு வெக்கறது, எந்தச் சேலை கட்டறது, எப்பத் தாயூடு போறது, எல்லாம் அக்காதான். பெத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவுங்கதான். அக்கா நல்லவங்க. கெட்டவங்களா இருந்திருந்தா என்னைக்கோ சண்டை புடிச்சுக்கிட்டு வந்திருப்பேனுங்க. நல்லவங்ககிட்ட என்னன்னு சொல்றது? தங்கசாமி எழுதறார்னு நீங்க வந்து சொன்ன அன்னைக்கு நானு பொடக்காலில போயி நின்னு சாமி கும்பிட்டனுங்க. சந்தோசத்துல."

யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பத்திரமாக இருந்தால் அடித்தலுக்கு ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 5, வியாழன்

சொன்னால் இவளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அவருக்கு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற கட்சிக்காரனுக்கு நான் என்ன யோசனை சொல்வேன்? போய் நாளைக்கு வா என்பேன்.

ஆகஸ்ட் 11, புதன்

அண்ணன் கொடிக்காலில் நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு வெற்றிலையைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். அவிழ்ந்திருந்த ஒரு கொடியைக் கட்டிவிட்டுக் கேட்டார்:

"ஏன்டா, என்னமோ சொல்ல வந்தாப்ல நிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

"ஒண்ணுமில்லையா?"

"இல்லீங்கண்ணா."

வெற்றிலையை மென்றுகொண்டு வந்துவிட்டேன். நான் ஒரு கோழை. இதை எழுதுவதற்கு மட்டும் கை தயங்கவில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

இன்று ரிஜிஸ்தர் ஆயிற்று. என் இடத்தில் உட்காராமல், கட்சிக்காரனாக வெயிலில் நின்றேன். பதினாறு வருஷமாக அந்த வெயிலில் ஜனங்களை நிற்க வைத்திருக்கிறேன், இவ்வளவு சுடும் என்று தெரியாது.

தங்கசாமி படித்தார். "சகோதரர்களாகிய நாம் இருவரும் இனிச் சேர்ந்து வாழ்வதில் சௌகரியக் குறைவு ஏற்பட்டபடியால்..." நானே எத்தனையோ தடவை எழுதின வாக்கியம். இதன் அர்த்தத்தை இன்றைக்குத்தான் காதில் வாங்கினேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நல்ல வேட்டி கட்டியிருந்தார், கல்யாணத்துக்கு வந்தவர் போல.

எதிர்பார்த்தபடியே ‘பாகப்பிறிவினை’ என்று எழுதி வைத்திருந்தார் தங்கசாமி. பொறுக்கவில்லை. பேனாவை வாங்கி ‘ற’வை ‘ர’ ஆக்கி ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுத்துப் பிழை திருத்தக் கை வருகிறது. ரிஜிஸ்திரார் என்னைப் பார்த்து, "உங்கள் பத்திரத்திலாவது சும்மா இருக்கக் கூடாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் கொஞ்சம் சிரித்தார். பிறகு பெருவிரலை மையில் தோய்த்தார்.

செப்டம்பர் 12, ஞாயிறு

ஆசாரத்தின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. மேற்குப் பக்கம் புது அடுப்பு. செல்லி குளித்துவிட்டு வந்து தனியாகப் பற்றவைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. நான் சாப்பிடுகிறதை எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

"எப்பிடிங்க இருக்குது?"

"உப்பு ஒரு கல்லு அதிகம்."

"நானாப் போட்டதுங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பு இருபது வருஷமாக இவளிடம் எங்கே இருந்தது? இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது கேட்டது.

அக்டோபர் 8, வெள்ளி

பின்பங்கில் ஒரு கிழங்கு முளை விட்டிருக்கிறது. தங்கசாமிதான் முதலில் பார்த்துச் சொன்னார்.

நவம்பர் 14, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவதென்று போனேன். இனிச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. செல்லியின் அடுப்பை யாரும் இடிக்கப் போவதில்லை, பத்திரத்தை யாரும் கிழிக்கப் போவதில்லை. உன் தம்பி உன்னை விட்டுப் போக நினைக்கவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். செல்லியிடம் கேட்டேன். "போயிட்டு வாங்க" என்றாள்.

சுவர் வந்தபின் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் தெருவில் இறங்கித்தான் போக வேண்டும். இரண்டு மாதத்தில் நான் போகவில்லை. அண்ணனைக் கோயிலில் பார்ப்பேன், பஸ் நிற்கிற இடத்தில் பார்ப்பேன். வாசலில் போய் நின்றேன். விறுவிறுவென்று உள்ளே போயிருக்கலாம். என்னவோ, கால் வரவில்லை. தொண்டையைக் கனைத்தேன்.

"யாருங்க அது?" என்று உள்ளிருந்து அண்ணன் குரல்.

"நான்தானுங்கண்ணா."

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அட, வாங்க தம்பி. வாங்க. உக்காருங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. அப்படியிருந்தால் தாங்கியிருப்பேன். முகத்தில் மெய்யான சந்தோஷம். வீட்டுக்கு யார் வந்தாலும் நாங்கள் சொல்கிற ‘வாங்க’தான், அவர் அறியாமலே வாயில் வந்துவிட்டது. எனக்கு நாற்பத்தொரு வயது. நேற்று வரைக்கும் நான் அவருக்கு ‘வாடா’.

பெஞ்சில் உட்கார்ந்தேன். "செடி விசயமா ஒண்ணு சொல்லலாமுன்னு வந்தனுங்கண்ணா."

"செடிக்கென்னங்க, நல்லா இருக்குது. மண்ணு கிண்ணு போடலீங்க, பயப்படாதீங்க. நீங்க வெச்ச மாதிரியே வெச்சிருக்கறோம்" என்று ஜன்னலைக் காட்டினார். பொறுப்பாக ஒப்படைத்த பொருளைக் காட்டுகிறவர் மாதிரி. அப்புறம் மழை பற்றிப் பேசினார். வெற்றிலை விலை பற்றிப் பேசினார். நானும் பேசினேன்.

நங்கை உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி என் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அந்த வீட்டுத் தண்ணீர்ப் பானை எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செம்பை எடுத்துக் குடித்தேன். "வரேனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.